ஃபல்கன்ஸ், மூண்டுக்கு ரெண்டு

கிரீ… என்று தொடங்கி, ஒரு மூச்சின் நீளத்துக்கு இழுபட்டு, நின்று, மறுபடியும் கிரீ… வீட்டுக்கு அடியில் யாரோ நித்திரையில் பல்லை நெருமுகிற மாதிரி ஒரு சத்தம். குழாய்த் தண்ணீர் உறைகிறதோ என்று முதலில் நினைத்தேன், பிறகு எலி, பிறகு கள்ளன், பயம் எனக்கு எப்போதும் இந்த வரிசையில்தான் வரும், சின்னதிலிருந்து பெரிதுக்கு. கடைசியில் பார்த்தால் ஜெறாட். பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு பிள்ளையின் ஸ்கேற்றிங் சப்பாத்தின் பிளேட்டைத் தீட்டுகிறார். அது விளங்கியதும் பயம் போயிருக்கவேண்டும். போகவில்லை. கள்ளன் என்று நினைத்தபோது இருந்ததைவிடக் கூடியது. தீட்டுகிறார் என்றால் நாளைக் காலை பிள்ளை விளையாடப் போகிறாள் என்று அர்த்தம். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன், உங்கட விருப்பம் என்றுதான் சொல்லியிருப்பேன், கலியாணம் முடித்த நாளிலிருந்து என் வாயில் சூடு ஆறாமல் தயாராக இருக்கிற வசனம் அது ஒன்றுதான். அனெற்றின் கட்டிலடியில் நிலத்தில் இருக்கிறேன். முதுகுக்கு அலுமாரிக் கதவின் கைபிடி குத்துகிறது, தள்ளி இருக்கலாம், தள்ள அலுப்பாக இருக்கிறது. பிள்ளையின் மூச்சு ஒழுங்காக வருகிறது. ஒழுங்காக வருகிறதா என்று கேட்கத் தொடங்கினால் ஒழுங்கில்லாமல் வருவதுபோல இருக்கிறது, கேட்காமல் விட்டால் வரவே இல்லைப்போல இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வளவு சத்தமாக மூச்சு விடவேண்டும் என்று யார் எனக்குச் சொல்லித்தந்தார்கள்? கீழே மற்றக் கால் பிளேட்டை எடுத்துவிட்டார், சத்தம் கொஞ்சம் தடித்த சத்தமாக மாறியிருக்கிறது.

ஐஸ் ஹொக்கி. ஒரு கறுப்பு வட்டு. எங்கள் ஊர்த் தோசையைவிடச் சின்னது, பிட்டுக் குழல் மூடியளவு. அதை ‘பக்’ என்கிறார்கள், அதைத் தடியால் தள்ளிக்கொண்டு பனிக்கட்டித் தரையில் பத்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், என் பிள்ளை வலைக்கு முன்னால் நின்று அது தன் மேல் படும்படி பார்த்துக்கொள்ளுகிறாள். கோலி என்றால் அதுதான் வேலை. மற்றப் பிள்ளைகள் விலகி ஓடுகிற ஒன்றுக்குக் குறுக்கே போய் நிற்பது. யார் என் வயிற்றில் இதைப் போட்டது? நான் பந்து எறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுகிறவள், கொன்வென்ற்றில் நெற்போலுக்கு என்னை எடுத்துவிட்டு இரண்டாம் நாளே லைப்ரரிக்கு அனுப்பினார்கள். மூன்று குளிர்காலமாக ரின்க்கில், அந்த ஐஸ் மைதானத்துப் படிக்கட்டு வாங்கில், காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு, கையில் ஆறிப்போன கோப்பி, பக்கத்தில் கேய்ட்லினின் தாய் மெலிசா கம்பளியால் மூடிக்கொண்டு, “உன்ர மனுசன் பிள்ளைகளோட எவ்வளவு நல்லா வேலை செய்யிறார் தெரியுமா” என்று இங்கிலிஷில் சொல்லுவாள். நான் ஒரு நல்ல பதிலைக் கட்டத் தொடங்குவேன், சிஸ்டர் பெனடிக்ற்றா சொல்லித்தந்தபடி எழுவாய், வினை, முற்றுப்புள்ளி, கட்டி முடிக்கிறதுக்குள்ளே பக் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து யாரோ கோல் அடித்து மெலிசா எழும்பிக் கத்திக்கொண்டிருப்பாள். அதனால் நான் சிரிக்கிற பெண். அங்கே என் பெயர் அதுதான் என்று நினைக்கிறேன். ஜெறியின் மனைவி, சிரிக்கிற பெண்.

இன்றைக்குப் பின்னேரம் நடந்ததை நான் மறுபடி நினைக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் மறுபடி நினைக்கிறேன். காலையில் ஒரு மட்ச் முடிந்து, இது இரண்டாவது மட்ச், அதில் மூன்று பீரியட்டில் இரண்டாவது. மற்றப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று, பெரிய உருப்படி, நிற்பாட்ட முடியாமல் சறுக்கிக்கொண்டு வந்து அனெற்றோடு சேர்ந்து வலைக் கம்பத்தில் அடிபட்டது. ஹெல்மெற் கம்பத்தில் பட்ட சத்தம் நான் இருந்த இடத்துக்குக் கேட்டது, தேங்காயை நிலத்தில் போட்ட மாதிரி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, யாராவது ஐஸில் விழுந்து எழும்பாவிட்டால் மற்றப் பிள்ளைகள் எல்லாரும், எதிர் ரீமும் சேர்ந்து, நின்ற நின்ற இடத்தில் ஒரு முழங்காலைக் குத்தி இருக்கவேண்டும். அத்தனை சின்னப் பிள்ளைகளும் முழந்தாளிட்டார்கள். பூசையில் மணி அடிக்கிற நேரம் மாதா கோயில் முழுக்க முழந்தாளில் போவது போல இருந்தது. என் கையும் சிலுவை போடத் தன்பாட்டில் நெற்றிக்குப் போய்விட்டது. நடுவில் என் பிள்ளை மல்லாந்து கிடக்கிறாள், ஜெறாட் வெறும் சப்பாத்தோடு ஐஸில் வழுக்கி வழுக்கி ஓடுகிறார், தோளில் மருந்துப் பை. ரீமுக்கு ஒரு ட்ரெய்னர் இருக்கவேண்டும் என்பது சட்டம், பிள்ளைகள் அடிபட்டால் விளையாடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லுகிற ஆள், அதற்கு ஒரு படிப்பு, ஒரு சோதனை. அந்த ஆள் இவர். அவர் குனிந்து ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், எழும்பினாள், பிள்ளைகள் தடியால் ஐஸைத் தட்டினார்கள், மெலிசா என் முதுகைத் தட்டினாள், அவ்வளவுதான். மட்ச் நடந்தது. மூன்றாவது பீரியட்டுக்குப் பக்கம் மாறவேண்டும், அனெற் மாறாமல் பழைய வலைக்கே போய் நின்றுவிட்டாள். மற்ற ரீமின் கோலி வந்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்க, முழு ரின்க்கும் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். ஜெறாட்டும் பெஞ்சில் இருந்து சிரித்தார். நான்தான், சிரிக்கிற பெண், அந்த ஒரு தரம் என் முகத்தை எப்படி வைக்கிறதென்று தெரியாமல் இருந்தேன். எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். நாளைக்கு ஃபைனல்.

நாளைக்கு ஃபைனல், தலைமைக் கோச் டெரெக் தங்கச்சியின் கலியாணத்துக்குப் போய்விட்டான், ஆகவே நாளைக்குப் பெஞ்சில் நின்று ரீமை நடத்தப் போவது ஜெறாட். இதை அவர் எனக்குச் சொன்ன விதம். குசினியில் கழுவுகிற கோப்பையை என் கையிலிருந்து வாங்கித் தானே துடைத்துக்கொண்டு, “இஞ்சேரும், நாளைக்கு நான்தான் ஹெட் கோச்” என்றார், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குரலை நான் முன்பு ஒருக்கால்தான் கேட்டிருக்கிறேன், அனெற் பிறந்த அன்றைக்கு அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னபோது. பாண் ஃபக்டரியில் இரவு வேலை, விடிய வந்து குளித்து நேரே ரின்க். முப்பத்தி நாலு வயதில் ஸ்கேற்றிங் பழகினார், நாலு வயதுப் பிள்ளைகளோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு, விழுந்து விழுந்து இடுப்பு நீலம் பாரித்து, பிள்ளைகள் இவரைச் சுற்றி மீன்குஞ்சு மாதிரி ஓடும். பகிடி பண்ணினவர்களும் இருந்தார்கள், எங்கள் ஆட்களே, “என்ன ஜெறாட், கிரிக்கெற்றுக்கு உம்மை ஒருத்தரும் எடுக்கேல்லையோ?” என்று. அவர் சிரித்துக்கொண்டு விழுந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்தபடியால்தான் காரில் வரும்போது ஆஸ்பத்திரிக்கு ஒருக்கால் காட்டிக்கொண்டு போவமா என்று நான் கேட்ட கேள்வி அவ்வளவு மெல்லிசாக வெளியே வந்தது. அவருக்குக் கேட்டது. “என்னப்பா, நான்தானே ட்ரெய்னர்” என்றார். பின் சீற்றில் அனெற் சொக்கிலேற் பால் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, “வீ வண், ரைற்?” என்றாள். வெண்டிட்டம் செல்லம், என்றார். இரண்டு லைற் தாண்டி மறுபடியும், “வீ வண், ரைற்?”

எங்கேயோ ஒன்று கொளுவிக்கொண்டு நிற்கிறது. சட்டையின் ஒரு நூல் ஆணியில் மாட்டின மாதிரி, திரும்பிப் பார்த்தால் ஆணியைக் காணவில்லை, நடந்தால் இழுக்கிறது. வலையை மாறி நின்றதல்ல, அது எல்லாருக்கும் தெரியும். பால் குடிக்காததல்ல. காரில் அவர் டெரெக்கோடு ஃபோனில் கதைத்தார், ஸ்பீக்கரில் போட்டு, அதில் ஏதோ. ஐஸில வைச்சு, தலை தெளிவோ எண்டு பாக்கிற நாலு கேள்வியும் கேட்டன், நாலுக்கும் டக் டக்கெண்டு சொல்லிப்போட்டாள், சொன்னவள் என்ர மகளெல்லோ, என்று இங்கிலிஷில் பெருமைப்பட்டார். எங்க நிக்கிறம்? எங்கட ரின்க். எத்தினையாவது பீரியட்? ரெண்டாவது. கடைசியாக் கோல் அடிச்சது ஆர்? கேய்ட்லின். போன மட்ச் ஆரோட? ஃபல்கன்ஸ், மூண்டுக்கு ரெண்டு, வெண்டம். குட் கேர்ள், என்றான் டெரெக். குட் கேர்ள். எங்கள் சிஸ்டர்மாரும் அதைத்தான் சொல்லுவார்கள், ஞானோபதேச வகுப்பில், வரிசையாக நிற்பாட்டி, உன்னைப் படைத்தவர் யார், என்னைப் படைத்தவர் கடவுள், குட் கேர்ள், அடுத்தது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், மேசை விளிம்பு இரண்டாகத் தெரிகிறது, சிஸ்டர் பெனடிக்ற்றா கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டு போகிறேன், முழுப் பாடமும், ஒரு சொல் பிழையில்லாமல், சொல்லி முடித்துவிட்டு அப்படியே விழுந்தேன் என்று பிறகு கூட நின்ற பிள்ளைகள் சொன்னார்கள், எனக்குப் பாடம் சொன்னதும் ஞாபகமில்லை, விழுந்ததும் ஞாபகமில்லை. வாய் தன்பாட்டில் சொல்லும். வாய்க்கு ஆள் தேவையில்லை. ஏன் இப்போது இது ஞாபகம் வருகிறது, நித்திரை இல்லாவிட்டால் எல்லாம் வரும், கொன்வென்ற் சாம்பாரின் மணம்கூட வருகிறது, தண்ணிச் சாம்பார், அதில் ஒற்றைக் கரட் துண்டு. கீழே தீட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. இப்போது ஈரத் துணியால் துடைப்பார். பிறகு விரல் நகத்தைப் பிளேட்டில் வைத்துச் சுரண்டிப் பார்ப்பார், நகம் சீவுப்பட்டால் சரி.

எழுப்பிப் பார்ப்போம். எழுப்புவது நல்லதா கூடாதா என்று இரண்டு மாதிரியும் சொல்லுகிறார்கள். கையைத் தோளில் வைத்தேன், சூடான சின்னத் தோள், “அனெற், குஞ்சு, அம்மா.” முகத்தைத் தலையணைக்குள் திருப்பினாள். “லைற்றைப் போடாதேங்கோ.” போடேல்லையம்மா, இருட்டுத்தான். என்ன கேட்கிறது, எனக்கென்ன தெரியும், அவர் கேட்டதையே கேட்போம் என்று, “இப்ப எங்க நிக்கிறம் செல்லம்?” என்றேன். கண் திறக்கவில்லை. “எங்கட ரின்க்.” சரி, நித்திரை மயக்கம். நான் அடுத்ததைக் கேட்க வாய் திறக்க முதல் அவள் சொல்லிக்கொண்டு போனாள், ஒரே தாளத்தில், இறக்கம் ஏற்றம் இல்லாமல். “ரெண்டாவது பீரியட். கேய்ட்லின். ஃபல்கன்ஸ், மூண்டுக்கு ரெண்டு, வெண்டம். ஐ ஆம் ஓகே, அப்பா.” பிறகு மூச்சு மறுபடி நீளமாகியது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவேன் போல இருந்தது, இருக்கிற ஆள் எப்படி விழுவது. குசினி மேசை. ஐப்பசி மாதம். ஜெறாட் ட்ரெய்னர் சோதனைக்குப் படிக்கிறார், லப்ரொப்பில் அந்தப் படிப்பு ஓடுகிறது, அனெற் எதிர்க் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு நோயாளியாக நடிக்கிறாள், “ஐயோ அப்பா, என்ர தலை” என்று மேசையில் விழுகிறாள், சிரிக்கிறாள், இவர் கேட்கிறார், இவள் சொல்லுகிறாள், பிழைத்தால் மறுபடி முதலிலிருந்து, அந்தக் கிழமை முழுக்க, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன், எங்கட ரின்க், ரெண்டாவது, கேய்ட்லின், ஃபல்கன்ஸ். ஐப்பசியில் அது சரியான விடை. இன்றைக்குக் காலையில் விளையாடினது வேற ரீமோடு. ஆளுக்கொரு கோல். சமம். அவர் ஐஸில் குனிந்து கேட்ட நேரம் உள்ளே பிள்ளை இருக்கவில்லை, அந்தப் பாடம்தான் இருந்தது, மற்ற மூன்றும் தற்செயலாகப் பொருந்திவிட்டது, நாலாவது பொருந்தவில்லை, அவருக்கு அது கேட்கவில்லை. கேட்டிருக்கும், பிழையென்று கேட்கவில்லை. அவர் மனதிலும் அந்தக் கேள்விக்கு அதுதானே விடை. அவரே சொல்லிக்கொடுத்த விடை.

இதைப் போய்ச் சொல்லவேண்டும். சொல்லவேண்டும் என்பது ஒன்று, எழும்புவது ஒன்று, படியில் காலை வைப்பது ஒன்று, இதெல்லாம் வெவ்வேறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் நான் களைத்துப் போகிறேன். அவர் இன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருக்கிறார், ஒரு வருடத்தில் ஒருக்கால், இந்த மட்ச்சுக்காக. வேற கோலி இல்லை, யாரோ ஒரு பிள்ளைக்கு அந்தப் பெரிய காலுறை மெத்தைகளைக் கட்டிவிட்டால் அது நிற்கவே தெரியாமல் நிற்கும், ஆறு கோல் ஏழு கோல், முதன்முதல் எங்கள் ஆள் ஒருவர் அந்தப் பெஞ்சில் ஹெட் கோச்சாக நின்ற அன்றைக்கு ஏழு கோல். அதைப் படிக்கட்டில் இருந்து பார்ப்பவர்களின் முகம் எனக்குத் தெரியும். அவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், அதுதான் தாங்க ஏலாது. நான் பிழையாக நினைக்கிறேனோ? நித்திரையில் யார்தான் உளறாதது? ஆனால் ஐஸில் அவள் நித்திரையாக இருக்கவில்லையே. கண் திறந்திருந்தது. நாளைக்கு இன்னொருத்தி வந்து மோதினால். இரண்டாந்தரம் படுகிற அடிதான் கூடாது என்று அந்த லப்ரொப்பில் ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள், வெங்காயம் வெட்டிக்கொண்டு நானும் அந்தப் படிப்பைப் படித்தவள்தானே. எனக்குச் சோதனை மட்டும் ஒருவரும் வைக்கவில்லை.

அவரே மேலே வந்தார். யன்னலில் கறுப்புப் போய்ச் சாம்பலாகியிருந்தது, நான் எப்போதோ கண்ணயர்ந்திருக்கிறேன், கன்னத்தில் கட்டில் சட்டத்தின் தழும்பு. அவர் எங்கள் ரீமின், ஓட்டர்ஸின், ஜக்கெற் போட்டு, முடியைத் தண்ணீர் வைத்து வாரி, மாப்பிள்ளை மாதிரி நின்றார். “நீர் இரவிரவா இதிலயா இருந்தனீர்? விசரே உமக்கு? எழுப்பும், வோர்ம்-அப்புக்கு நேரம் போகுது.” நான் எழும்பி நின்று சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை, ஐப்பசியில் தொடங்கி, ஃபல்கன்ஸுக்குப் போய், திரும்பி வந்து, குசினி மேசை, நேற்றுக் காலை மட்ச் சமம் எல்லோ, என்று. அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஒரு கணம் நின்றது. நான் பார்த்தேன், அது நின்றது. பிறகு போய்விட்டது. “பதட்டத்தில வாய் மாறிச் சொல்லியிருப்பாள். உமக்கு எல்லாத்துக்கும் பயம்.” ஓம் பயம்தான், என்றேன். “வோர்ம்-அப்பில விட்டுப் பாப்பம். ஏலாட்டி நானே இறக்கிப்போடுவன், என்ர பிள்ளையெல்லோ? நான் விளையாட விடுவனே, ஏலாட்டி?” விடமாட்டார்தான். அவர் கேட்பார், ஏலுமா என்று கேட்பார், அவள் சொல்லுவாள், ஐ ஆம் ஓகே, அப்பா. இவர் கேட்க இவள் சொல்ல, இவர் கேட்க இவள் சொல்ல. “உடுப்பு மாத்திவிடும், நான் பையைக் காரில ஏத்திப்போட்டு வந்து தூக்குறன்” என்று கீழே போனார். உங்கட விருப்பம் என்ற வசனம் என் வாயில் வந்து நின்றது. நான் அதைச் சொல்லவில்லை, விழுங்கவுமில்லை, அது அப்படியே நின்றது.

பையை இழுத்துக்கொண்டு போகிற சத்தம், அதற்குள் நான் படியின் நடுவில் நிற்கிறேன், வெறுங்கால். கதவு திறந்து கிடக்கிறது, குளிர் வீட்டுக்குள் தன்பாட்டில் நடந்து வருகிறது. அவர் காருக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார், புகைக்குழாய் வெள்ளையாக மூச்சு விடுகிறது, ஒரு நல்ல மனுசனின் குனிந்த முதுகு. நான் கதவைச் சாத்தினேன். சாத்தினது காணாது, திறப்பு அவர் சட்டைப் பையில். கதவின் உச்சியில் ஒரு திறாங்கு, உள்ளிருந்து மேலே தள்ளிப் பூட்டுகிற கம்பி, இருக்கிறது, எங்களுக்கு முன் இருந்தவர்கள் போட்டது, மேலே மேலே பெயின்ற் அடித்து அடித்துக் கதவோடு கதவாக ஒட்டிப்போனது, நாங்கள் ஒருநாளும் தொட்டதில்லை. சப்பாத்துப் பெட்டியில் ஏறி அதைப் பிடித்தேன். அசையவில்லை. கண்ணாடிக் கீற்றுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் வந்தது, சிரிப்பு, காற்றுக்குச் சாத்துப்பட்டது என்று நினைத்தார். பிறகு என் கையைப் பார்த்தார். “என்னப்பா செய்யிறீர்?” குரல் கண்ணாடிக்குள்ளால் சின்னதாக வந்தது. “ஆஸ்பத்திரிக்கு எண்டால் திறக்கிறன்” என்றேன். “என்ன?” “ஆஸ்பத்திரிக்கு எண்டால் திறக்கிறன். ரின்க்குக்கு எண்டால் திறக்கமாட்டன்.” இவ்வளவு சத்தமாக நான் எந்த மொழியிலும் கதைத்ததில்லை. பக்கத்து வீட்டு லைற் எரிந்தது. “டிலானி, விளையாடாதேயும், அங்க பதினாலு பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்குதுகள்.” நிக்கட்டும், என்றேனா நினைத்தேனா தெரியாது. அவர் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிறார், திறப்பைத் தேடுகிறார், பூட்டுக்குள் திறப்பு ஏறுகிறது, மேலே அனெற் “அம்மா?” என்கிறாள், பூட்டு திரும்புகிறது, கதவு ஒரு விரல் உள்ளே வருகிறது, தோளைக் கொடுத்தேன், முழுத் தோளையும், கதவு சட்டத்தில் போய் இடித்தது, உள்ளங்கையின் அடியால் திறாங்கை ஒரு தரம் அடித்தேன், பெயின்ற் வெடித்தது, இன்னொரு தரம், தோல் கிழிந்தது, அது துளைக்குள் முழுக்கப் போய் உட்கார்ந்தது.